ஓரிக்கைக்கு ஒரு பெரிய வண்டி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வண்டி கனவாக அமைந்துவிடுகிறது. எங்கள் தாத்தா காலத்தில் அது மிதிவண்டி. அப்பா காலத்தில் ஸ்கூட்டர். இன்று நடுத்தரக் குடும்பங்களின் நெஞ்சில் நிழலாடுவது எஸ்.யூ.வி. எனப்படும் பெரிய வண்டி. தரையினின்று உயர்ந்து, முகம் அகன்று, தெருவில் வந்து நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி விளங்குவது. நம் தமிழ்ப் பேராசிரியர்கள் காரை 'மகிழுந்து' என்பார்கள். அழகிய சொல்லே. ஆனால் பழைய வண்டியை ஆராயாமல் வாங்கிய சில வீடுகளில் குடும்பமே பின்னால் நின்று உந்துவதைத்தான் கண்டிருக்கிறேன், மகிழ்வைக் கண்டதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே. கைப்பணம் குறைவாக உள்ள குடும்பம் பழைய பெரிய வண்டி வாங்கும்போது, அதன் பெயருக்கும் தோற்றத்திற்கும் கொடுக்கும் பணத்தைக் குறைத்து, அதன் கடந்த காலத்தை அறிவதற்குப் பணம் கொடுக்க வேண்டும். வரலாறு தெரிந்த வண்டிக்கு முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் அது மலிவு. வரலாறு தெரியாத வண்டி முப்பதாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் அது விலை அதிகம்.

இப்பொருள் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கடந்த ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இரவு உணவின்போது இதைத் தவிர வேறு பேச்சில்லை என்பதே என் தகுதி. நாங்கள் ஓரிக்கையில் வசிப்பவர்கள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தியபோது, சீடர் பின்னால் ஆழ்வாரும், ஆழ்வார் பின்னால் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் காஞ்சியைவிட்டுப் புறப்பட்டு ஓர் இரவு தங்கிய இடமாதலால், 'ஓரிரவு இருக்கை' என்பது ஓரிக்கை என மருவியது என்பர். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தே புறப்பட்ட அந்தப் பயணம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பாட்டி, தங்கை, சித்தப்பாவின் இரு பிள்ளைகள், நான் என ஒன்பது பேர். பாட்டியை மாதம் இருமுறை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எழுபது கிலோமீட்டர் அளவிலான அந்த வழியில் பேருந்து ஏறி இறங்க அவரால் இப்போது முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடிக்கிறோம்.

அப்பாவும் சித்தப்பாவும் தறிக்காரர்கள். கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது; உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு ஒரு நாடாவும் ஓட, இருவர் வேண்டும். அவ்விருவரும் பல ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து சேர்த்த பணமும், பாட்டி பங்கு நிலம் விற்று வந்ததும் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய். ஒரு தவறான வண்டி இதை விழுங்கிவிட்டால் மறுபடி சேர்க்க அப்பாவின் கண்பார்வை இடம் கொடுக்குமா என்பது ஐயமே. ஆகவே இது எங்களுக்கு விளையாட்டுப் பேச்சன்று.

பொருளியல் பயில்வோர் ஒரு பெயரை அறிவர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. நான்காவது இதழில்தான் அச்சேறியது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அக்கட்டுரையே முதற்காரணம். (நம் ஆண்டுமலர்க் குழுவினர் இதைக் கருத்தில் கொள்வார்களாக!) அவர் சொன்னது எளிது. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும்; வாங்குபவனுக்குத் தெரியாது. நல்லதெது கெட்டதெது எனப் பிரிக்க முடியாத வாங்குபவன், இரண்டுக்கும் நடுவிலான விலையைத்தான் கொடுக்க முன்வருவான். அந்த நடுவிலைக்குத் தன் நல்ல வண்டியைக் கொடுக்க உரிமையாளனுக்கு மனம் வராது, விலகிக்கொள்வான். கெட்ட வண்டி வைத்திருப்பவனுக்கோ அவ்விலை கொள்ளை லாபம், ஓடி வருவான். இப்படியே சந்தையில் நல்லன குறைந்து அல்லன பெருகும்.

இதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்ப் பட்டுதான். கடை விளக்கின் ஒளியில் எல்லாச் சேலையும் ஒன்றுபோலவே மின்னும். வெளியூரார் தலைப்பை விரித்துப் பார்த்து மயங்குவார்கள். உள்ளூர்க்காரர் சேலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஜரிகை இழையைச் சுரண்டி உள்ளே சிவந்த பட்டு தெரிகிறதா என்று நோக்குவார். ஐயம் வந்தால் சோதனைக்குக் கொடுப்பார். பட்டுக்கு இவ்வளவு பார்க்கும் நாம், பட்டைவிடப் பன்மடங்கு விலையுள்ள வண்டியை மட்டும் மெருகு பார்த்து வாங்குவது ஏனோ?

வண்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது எப்படி? எங்கள் தெருமுனையில் இருபது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்ன முதல் செய்தி: "தம்பி, நீங்க போற நேரத்துக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிடுங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க." குளிர்ந்த எஞ்சின் முதல் முறை உயிர்பெறும்போதுதான் உண்மை பேசுமாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர்போல் படிந்திருந்தால் அங்கேயே கும்பிடு போட்டு விட்டு வந்துவிட வேண்டும்.

அடுத்தது வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நீரில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. அவை கழுவிப் பொலிவேற்றப்பட்டு மாவட்டங்களை நோக்கிப் பயணப்படுகின்றன. சென்னைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நாம் இதை மறக்கலாகாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுபவர் அடிமுனை வரை கழுவுவதில்லை, சேற்றுக்கறை அங்கே காத்திருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள திருகாணிகளில் துரு, மிதியடிக்குக் கீழே ஈரவாடை, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் ஆகியனவும் சாட்சிகள். ஓடிய தூரம் காட்டும் மீட்டரை மாற்றுவது எளிது. பிரேக் மிதியின் ரப்பர் தேய்வை மாற்ற யாரும் நினைப்பதில்லை. முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லி, மிதி வழுவழுவென்று மொட்டையாயிருந்தால் எதை நம்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் பிறந்த டயர் என்று பொருள். இதுவும் ஒரு பிறப்புச் சான்றிதழே.

கண்ணால் பார்ப்பதைவிடத் தாளில் பார்ப்பது முக்கியம் என்பது என் கருத்து. மெக்கானிக் அண்ணன் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. அவருக்குக் காதும் கையும் போதும். ஆனால் சட்டச் சிக்கலைக் காது கேட்டுக் கண்டுபிடிக்க முடியாதே! ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவைக் குறிப்பு உண்டா, காப்பீடு எப்போது முடிகிறது என்பனவற்றைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டே பெரிதும் அறியலாம். கடன் முடிந்திருந்தும் குறிப்பு நீங்கியிராவிட்டால் படிவம் 35 மூலம் அதை நீக்கிய பிறகே முழுப்பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. உள்மாநில விற்பனையில் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்னும் பெருந்தன்மை விற்பவருக்கே ஆபத்து. விற்ற பின்னும் பெயர் மாறாதிருந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய உரிமையாளர் பெற்று வந்த 'நோ கிளைம் போனஸ்' அவருடையது, வண்டியோடு வராது. "எழுபதாயிரத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்று புரோக்கர் அடுக்கும்போது இதை நினைவிற் கொள்க.

எங்கள் தெருவில் ஒருவர் டெல்லிப் பதிவு பெற்ற பெரிய டீசல் வண்டி ஒன்றை வாங்கினார். தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் விளைவாக அங்கிருந்து வண்டிகள் மலிவு விலையில் தெற்கு நோக்கி வரலாயின. அவருக்கும் உள்ளூர் விலையில் பாதிக்குக் கிடைத்தது. தெருவே வியந்தது. பின்னர் தடையின்மைச் சான்று வர மாதங்கள் ஆயின. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வாழ்நாள் வரி கட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் ஆண்டுகள் கழிந்து பதினைந்தாண்டுப் பதிவுக்காலமும் நெருங்கிவிட்டது. இப்போது அந்த வண்டியின் நிழலில் எங்கள் தெரு நாய்கள் சுகமாகத் துயில்கின்றன.

இனி எந்த வண்டி என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. சித்தப்பாவின் உள்ளம் கவர்ந்தது கறுப்பு ஸ்கார்ப்பியோ. "ஏறி உட்கார்ந்தா ஒரு கெத்து வேணும்டா" என்பார். கெத்து வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பாட்டியின் முழங்காலுக்கு அந்தப் படி எட்டாது. அவரை ஒருவர் கீழிருந்து தூக்க, மற்றவர் மேலிருந்து இழுக்க வேண்டும். போலேரோவை எடுத்துக்கொண்டால், 2000ஆம் ஆண்டு முதல் ஓடும் உறுதியான வண்டி; பட்டறை இல்லாத ஊரிலும் அதைப் பழுது பார்க்க ஆள் உண்டு. ஆனால் பின்னால் எதிரெதிராக அமரும் பக்கவாட்டு இருக்கைகள் எனக்கு அச்சம் தருவன. பழைய வண்டிகளில் அங்கே பெல்ட்டும் இல்லை. அங்குதான் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம்! இன்னோவாவின் உழைப்பைப் பற்றி இருவேறு கருத்தில்லை. எங்கள் பணத்திற்குக் கண்ணில் பட்டவையெல்லாம் டி போர்டில் ஓடிக் களைத்து, வெள்ளைப் பலகை மாட்டிக்கொண்டு ஓய்வு தேடுபவை.

நம் வட்டாரத்திலேயே பிறந்தது என்று சிலர் ஒரு வண்டியைப் புகழ்வதுண்டு. உண்மைதான், இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா பிறந்தது, ஒரகடத்தில் 2012இல் முதல் டஸ்டர் பிறந்தது, மறைமலைநகரில் ஈகோஸ்போர்ட் பிறந்தது. ஆனால் இங்கு விற்ற அந்த முதல் டஸ்டரின் உற்பத்தி 2022இல் நின்றது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. பக்கத்தில் பிறந்தது என்பதால் பக்கத்தில் உதிரிபாகம் கிடைத்துவிடாது. நான் மெக்கானிக் அண்ணனிடம் கேட்ட கேள்வியை ஒவ்வொருவரும் தத்தம் மெக்கானிக்கிடம் கேட்கலாம்: "இந்த வண்டி நடுவழியில் நின்றால், உதிரிபாகம் காஞ்சிபுரத்திலேயே அன்றைக்கே கிடைக்குமா?" அவர் தலையாட்டும் விதத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

பாதுகாப்புக்கு ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. 2019 ஏப்ரலுக்குப் பின் விற்ற கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்திய வண்டியாயின் பெயர் ஒன்றாயிருந்தாலும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்கு 2016இலும், ஏர்பேக் இல்லாத டஸ்டருக்கு 2017இலும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மலைபோன்ற தோற்றம் உள்ளிருப்பவரைக் காக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆகவே, எந்த ஆண்டு என்பதோடு எந்த வகை என்றும் கேட்க வேண்டும்.

டீசலா பெட்ரோலா என்பதில் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நாங்கள் ஓட்டப்போவதில்லை. லிட்டருக்குப் பெட்ரோல் 14 கிலோமீட்டரும் டீசல் 18 கிலோமீட்டரும் கொடுக்கும் என்றும், விலை முறையே நூறு ரூபாய், தொண்ணூற்றிரண்டு ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், டீசலால் ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 12,000 ரூபாய். பழைய டீசல் வண்டியில் இஞ்செக்டரோ டர்போவோ ஒருமுறை கெட்டால் இரண்டு மூன்று ஆண்டு மிச்சம் அதிலேயே போய்விடும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவருக்குக் கணக்கு வேறு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. காந்தி ரோட்டுக்கும் ஓரிக்கைக்குமாகக் குறுந்தூரம் மட்டுமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் வீட்டில் வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு. ஆறு லட்சம் இருந்தால் ஆறு லட்சத்திற்கு வண்டி தேடக்கூடாது. பெயர் மாற்றம், காப்பீடு, நாலு டயர், பேட்டரி, முதல் ஆண்டில் தலைகாட்டும் சில்லறைப் பழுதுகள் இவற்றுக்காக அறுபதாயிரத்தைத் தனியே முடிந்து வைத்துவிட வேண்டும். ஐந்து லட்சத்து நாற்பதுதான் நம் வரம்பு. அப்பா உடனே ஒப்புக்கொண்டார். பாவு வாங்கும்போதே இழை அறுந்தால் முடிச்சுப் போடக் கூடுதல் பட்டு கேட்டு வாங்குபவர் அவர். விலை பேசும்போது மற்றொன்றும் கைகொடுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், பெரியவற்றுக்கு மேல்வரி உட்பட இருந்த சுமை 40 ஆகவும் குறைந்தன. புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கத்தானே வேண்டும்? ஆனால் விற்பவர் பலர் அதற்கு முந்திய விலையையே மனத்தில் வைத்துப் பேசுகின்றனர். அதே வண்டியின் இன்றைய புது விலையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசப்போவது நலம்.

ஏழு இருக்கை வேண்டுமா என்பதிலும் நீண்ட விவாதம். ஒன்பது பேர் உள்ள வீட்டுக்கு ஏழும் போதாது. குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் போகும் அந்த ஒரு நாளுக்கு வேன் எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் நான்கைந்து பேர். ஆயினும் மூன்றாம் வரிசையை மடக்கினால் சேலை மூட்டைக்கு இடம் கிடைக்கும்; விரித்தால் பிள்ளைகள் முன்நோக்கி, பெல்ட் போட்டு அமரலாம். இப்படி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தபோது எஞ்சியது மாருதி எர்டிகா. இதைக் கேட்டதும் சித்தப்பா, "அது எஸ்.யூ.வி.யே இல்லையேடா!" என்றார். உண்மை, இல்லைதான். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி முதல் எர்டிகாவில் 185 மி.மீ.; போலேரோவில் 180ஐ ஒட்டியது என்று நிறுவனக் குறிப்புகளைக் காட்டினேன். அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பின் கறுப்பு நிறத்தில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

இப்போது உத்திரமேரூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2016ஆம் ஆண்டுப் பெட்ரோல் எர்டிகா பேச்சில் இருக்கிறது. முதல் உரிமையாளர், டி.என். 21 பதிவு, இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வகை, 2031 வரை பதிவுக்காலம். புரோக்கர் காட்டிய அதே ஆண்டு வண்டியைவிட முப்பதாயிரம் அதிகம் கேட்கிறார். ஆனால் மேசை இழுப்பறையைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்து வைத்தார். முதல் சர்வீஸிலிருந்து சென்ற மாதம் மாற்றிய வைப்பர் வரை எல்லா ரசீதும் தேதிவாரியாக நூல் கோத்திருந்தன. விடைத்தாள் கட்டுகளைக் கோத்துப் பழகிய கை. மீட்டர் காட்டும் 58,000 கிலோமீட்டரும் ரசீதுகளில் ஏறிவரும் எண்ணும் ஒத்துப்போகின்றன. அக்கர்லாஃப் கேட்டது இந்தக் கோப்பைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முப்பதாயிரம் தகும் என்றே சொன்னேன்.

அப்பா இன்னும் பத்தாயிரமாவது குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மெக்கானிக் அண்ணனை அழைத்துச் செல்கிறோம். பாட்டியும் வருகிறார். எங்கள் உதவியின்றி அவர் தாமே ஏறி அமர முடிகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வண்டி வெள்ளை நிறம். சித்தப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.